மொழி மாறினார் குற்றவியல்

பாயிரம்

நூல் செய்பவன் முதலில் எல்லை சொல்ல வேண்டும் என்பது மரபு. பழந்தமிழ் நூல்கள் எந்த மலையைத் தங்கள் வட எல்லை என்று காட்டினவோ, அந்த வேங்கட மலையின் அடிவாரச் சீமையே இந்நூலுக்குக் களம். வடக்கே திருப்பதி, தெற்கே சித்தூர், மேற்கே பெங்களூரு பஸ், கிழக்கே சென்னை பஸ். இந்த நாற்பாலுக்குள் வழங்கும் செய்தியே இங்கே வகுத்து உரைக்கப்படுகிறது.

நுதலிய பொருள் யாதெனில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மொபைல் ஆப்பை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, பழைய நிரல்மொழியிலிருந்து புதிய நிரல்மொழிக்கு மாற்றி எழுதுவதால் விளையும் கேடுகள். கேட்போர் மூவகையினர்: ஆப் வைத்துத் தொழில் செய்வோர், ஆப் எழுதிப் பிழைப்போர், அப்படிப் பிழைப்போருக்குப் பெண் கொடுக்க இருப்போர்.

மொழி மாற்றம் பற்றிப் பேச இந்தச் சீமைக்கு என்ன தகுதி என்று கேட்பாரும் உண்டு. சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911-இல். 1960-இல் திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குக் கொடுத்தது. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதியைத் தனி மாவட்டமாகப் பிரித்துக் கொடுத்தது. எல்லை இத்தனை முறை மாறியும் கடைத்தெருவின் பேச்சு மாறவில்லை. தமிழில் விலை கேட்பவருக்குத் தமிழில் பதில் வரும். பேரம் தெலுங்கில் நடக்கும். சில்லறையை அவரவர் அம்மா சொல்லிக்கொடுத்த மொழியில் எண்ணுவார்கள். ஒன்றைக் கைவிட்டு இன்னொன்றைப் பிடித்தவர் இங்கே அரிது, இரண்டையும் வைத்துக்கொண்டு பிழைப்பவரே பெரும்பாலோர். இந்நூலின் முடிவும் அதுவே. அவசர வேலை உள்ளவர்கள் இத்துடன் எழுந்து போகலாம். மற்றவர்களுக்கு விரித்துரைப்போம்.

முதல் இயல்: மாறுவோர் வகை

மாறுவோர் நால்வர்: ஆசையால் மாறுவோர், அச்சத்தால் மாறுவோர், ஆணையால் மாறுவோர், அவசியத்தால் மாறுவோர்.

ஆசையால் மாறுவோர் இளையர். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ பார்ப்பார்கள். திங்கட்கிழமை காலை டீ ஆறுவதற்குள், பழைய கோட் எவ்வளவு அசிங்கம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். இவர்களை இனங்காண ஓர் அடையாளம் உண்டு. பழைய மொழியில் பத்து வரி பிடிக்கும் காரியம் புதிய மொழியில் மூன்று வரியில் முடிகிறது என்று காட்டுவார்கள். அந்தக் காரியம் நம் ஆப்பில் எங்கே வருகிறது என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறும்.

அச்சத்தால் மாறுவோர் நடுவயதினர். தாம் கற்ற மொழி செத்துக்கொண்டிருப்பதாக எங்கோ படித்திருப்பார்கள். 1995-இல் வெளிவந்த ஜாவாவுக்குக் கருமாதிப் பத்திரிகை அடித்தவர்கள் பலர். அது இன்னும் சம்பளம் வாங்கித் தருகிறது. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. வானத்தை அண்ணாந்து பார்க்கும் பெரிய ரேடார் அங்கே உண்டு. அந்தத் துறையில் உலகமெங்கும் புழங்கும் டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மாதிரி பெரும்பாலும் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. ஃபோர்ட்ரான் பிறந்தது 1957-இல். மொழியின் வயதைப் பார்த்து மழை பெய்வதில்லை.

ஆணையால் மாறுவோர் பிறர் சொல் கேட்டு நடப்பவர். 2014 ஜூனில் ஆப்பிள் ஸ்விஃப்ட் மொழியை அறிமுகம் செய்தது. 2017 மே மாதம் கூகுள் ஆண்ட்ராய்டுக்குக் காட்லினை அதிகாரபூர்வமாக ஏற்றது. 2019-இல் இனிக் காட்லினுக்கே முதலிடம் என்றது. இரண்டு நிறுவனங்களும் பழைய மொழியைத் தடை செய்யவில்லை. ஜாவாவில் எழுதிய ஆப் இன்றும் பிளே ஸ்டோரில் ஏறுகிறது, அப்ஜெக்டிவ்-சியில் எழுதியது ஆப்பிள் போனில் ஓடுகிறது. அங்கே சொன்னது யோசனை, இங்கே காதில் விழுந்தது ஆணை. இடையில் பெங்களூருக்குப் போய்வந்த முதலாளி ஒருவர் இருந்தால் யோசனை ஆணையாவது இன்னும் விரைவில் நடக்கும்.

அவசியத்தால் மாறுவோர் சிலர். ஃபேஸ்புக் தன் மொபைல் ஆப்பை எச்டிஎம்எல்5-ஐ நம்பிக் கட்டியிருந்தது. அது நத்தையாக நகர்ந்தது. 2012 ஆகஸ்டில் ஐபோன் ஆப்பை அந்தப் போனுக்கே உரிய மொழியில் திரும்ப எழுதி வெளியிட்டார்கள். அடுத்த மாதமே, எச்டிஎம்எல்5-ஐ அளவுக்கு மீறி நம்பியது பெரிய தவறு என்று மார்க் சக்கர்பெர்க் மேடையில் ஒப்புக்கொண்டார். பயனர் கையில் இருக்கும் வலிக்கு மருந்தாக மாறியவர்கள் இந்த வகை.

ஐந்தாவதாக, எதற்காக மாறினோம் என்று அறியாமல் மாறியவரும் உளர். அவர்களைத் தனி வகையாகக் கொள்ள இயலாது. கேட்டால் மேற்சொன்ன நான்கில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் நான்காவதை.

இரண்டாம் இயல்: அகக்குற்றம்

குற்றம் ஏழு. நிரலுக்குள் விளைவன நான்கு, அவை அகம். ஆளுக்குள் விளைவன மூன்று, அவை புறம். ஏழோடு நிறுத்தியதற்குக் காரணம் ஏழுமலையான் ஊரில் எட்டாவது மலையைச் சேர்க்கும் துணிவு ஆசிரியனுக்கு இல்லாமையே.

முதலாவது, எழுத்துக் குற்றம்.

திருப்பதி என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்றாம் வகுப்புப் பிள்ளை தி, ரு, ப், ப, தி என்று விரல் மடக்கி ஐந்து என்று சொல்லும். ஸ்விஃப்டும் ஐந்து என்கிறது. ஜாவா, காட்லின், டார்ட், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நான்கும் ஒன்பது என்கின்றன. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவது அவற்றின் வழக்கம். கோ மொழியும் ரஸ்ட் மொழியும் பைட் கணக்கில் இருபத்தேழு என்கின்றன. ஐந்து, ஒன்பது, இருபத்தேழு ஆகிய மூன்றும் சரியான விடைகள். கேள்விதான் மொழிக்கு மொழி வேறு.

இதனால் என்ன கேடு என்பார்க்கு ஓர் எடுத்துக்காட்டு. டிக்கெட்டில் பெயருக்கு இருபது இடம் என்று ஒரு பழைய விதி. வெங்கடசுப்ரமணியம் என்ற பெயர் ஜாவாவின் கணக்கில் பதினேழு, ஆகவே முழுதாய் அச்சாகி வந்தது. சர்வரைக் கோ மொழிக்கு மாற்றுகிறார்கள். 'முதல் இருபதை வெட்டி எடு' என்ற வரியை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள். இப்போது இருபது என்பது பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆறு குறி முடிந்து, ஏழாவதில் இரண்டு பைட் உள்ளே வந்ததும் கத்தி விழுகிறது. டிக்கெட்டில் 'வெங்கட' என்று வரும், அதன் பின்னே கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி வரும். ஆதார் அட்டையில் முழுப்பெயர் இருக்கும். வாசலில் நிற்கும் காவலாளிக்கு பைட் பற்றி விளக்கும் பொறுப்பு சுப்ரமணியத்தைச் சேர்ந்தது.

தெலுங்கில் நிலைமை இன்னும் நுட்பம். சித்தூரு என்று எழுதும்போது இரண்டாவது த முதல் தகரத்தின் காலடியில் ஒத்தாகத் தொங்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரே எழுத்து. யூனிகோடு விதி நெடுங்காலம் அதை இரண்டாகவே வெட்டியது. 2023-இல் வந்த 15.1 பதிப்பில்தான் ஒன்றாகச் சேர்த்தது. எழுத்தை எளிதாய் எண்ணுவோர்க்கு 2018 பிப்ரவரியை நினைவூட்டுகிறோம். 'ஜ்ஞா' சேர்ந்த ஒரே ஒரு தெலுங்குக் கோவை ஐபோனில் மெசேஜாக வந்து விழுந்தால் ஆப் படுத்துவிட்டது. அந்த ஓர் எழுத்துக்காக ஆப்பிள் அம்மாதம் 19-ஆம் தேதி உலகம் முழுவதற்கும் 11.2.6 அப்டேட் விட வேண்டியதாயிற்று.

இரண்டாவது, எண் குற்றம்.

எண் எல்லா மொழிக்கும் பொது என்பது பாமரர் கொள்கை. ஏழு லட்டை இரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஜாவா ஆளுக்கு மூன்று தரும். மீதி ஒன்று எங்கே போயிற்று என்று கேட்காது. டார்ட் மூன்றரை தரும். மைனஸ் ஒன்றை ஏழால் வகுத்தால் மீதி என்ன? ஜாவாவுக்கு மைனஸ் ஒன்று, டார்ட்டுக்கு ஆறு. ஞாயிற்றுக்கிழமையைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு முந்தின நாளைக் கணக்கிடும் பஞ்சாங்க ஆப்பில் ஆறு என்றால் சனிக்கிழமை. மைனஸ் ஒன்று என்றொரு கிழமை கிடையாது. டார்ட்டிலிருந்து காட்லினுக்கு இந்த வரியை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தால் பெருமாளுக்கு உகந்த சனிக்கிழமையே காணாமல் போகும்.

மாதம் இதனினும் கொடிது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஜனவரிக்கு எண் பூஜ்யம், டார்ட்டில் ஒன்று. ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதும் ரியாக்ட் நேட்டிவில் இருந்த கல்யாண மண்டப ஆப்பை, டார்ட்டில் எழுதும் ஃப்ளட்டருக்கு மாற்றுகிறார்கள் என்று கொள்க. பழைய ஆப் ஜனவரி 25 என்பதை 'மாதம் 0, தேதி 25' என்று சேமித்து வைத்திருக்கும். டார்ட் பூஜ்ய மாதத்தைக் கண்டு தவறு என்று கத்தாது. ஒன்றுக்கு முந்தியது பூஜ்யம், ஜனவரிக்கு முந்தியது டிசம்பர் என்று தானே முடிவு கட்டி, முந்தின ஆண்டு டிசம்பர் 25 என்று அமைதியாக எழுதிக்கொள்ளும். தை மாதக் கல்யாணம் மார்கழிக்குப் போய்விட்டது. திருமலையிலேயே சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஒலிக்கும் மாதம் அது. அந்த மாதத்தில் யார் வீட்டில் தாலி கட்டுவார்கள்?

மூன்றாவது, நினைவுக் குற்றம். ஏழினும் தலையாயது இதுவே.

பழைய நிரலில் காரணம் விளங்காத வரிகள் சில இருக்கும். புதிதாக வருபவர் அவற்றைக் கண்டதும் மூக்கைச் சுளிப்பார். டாக்ஸி புக் செய்யும் ஆப் ஒன்றில் இப்படி மூன்று வரி இருப்பதாகக் கொள்க. 517501 என்ற பின்கோடு வந்தால் மாவட்டத்தைச் சித்தூர் என்று போடாதே என்பது ஒன்று. வண்டி எண் ஏபி 03 என்று தொடங்காவிட்டாலும் ஏபி 39 என்றால் உள்ளூர் வண்டியாகவும் இருக்கலாம், உரிமையாளர் முகவரியைப் பார் என்பது இன்னொன்று. பயணி பெயரில் இனிஷியல் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஒரே ஆளாகக் கொள் என்பது மூன்றாவது. முதல் வரி 2022-இல் மாவட்டம் பிரிந்த மறுநாள் வந்த சண்டையின் தழும்பு. இரண்டாவது, 2019 முதல் ஆந்திரா முழுவதற்கும் ஏபி 39 என்ற ஒரே தொடர் வந்தபோது ஏற்பட்டது. மூன்றாவது, தமிழ்ப் பயணியும் தெலுங்குப் பயணியும் ஒரே வண்டியில் ஏறியதால் வந்தது. இவற்றுக்கு ஆவணம் இல்லை. எழுதியவர் இப்போது பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறார்.

புதிய மொழியில் புதிதாக எழுதும்போது இவை எவருக்கும் நினைவு வராது. கோட் பளபளப்பாக இருக்கும், ஏனென்றால் அது இன்னும் ஒரு சண்டையையும் பார்க்கவில்லை. பிறகு வரிசையாக அதே மூன்று சண்டை வரும், அதே மூன்று வரி அசிங்கமாகவே மீண்டும் உள்ளே நுழையும். இரண்டாம் முறை அதே பாடத்துக்குக் கட்டணம் கட்டுவதற்கு நம்மவர் 'மாடர்னைசேஷன்' என்று பெயரிட்டுள்ளனர்.

நினைவு இழப்பு பயனரின் போனிலும் நேரும். பழைய ஆண்ட்ராய்டு ஆப் லாகின் விவரத்தைப் போனில் ஒரு பெயரில் சேமித்திருக்கும். ஃப்ளட்டரில் பரவலாகப் புழங்கும் சேமிப்பு நூலகம் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'ஃப்ளட்டர்' என்று ஒட்டிக்கொண்டுதான் தேடும். பழையது கண்ணெதிரே இருந்தும் கிடைக்காது. அப்டேட் போட்ட காலையில் எல்லாரும் லாக்-அவுட். எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடிபி கேட்பார்கள். அன்று வைகுண்ட ஏகாதசியாக இருந்தால் அது ஆப்காரரின் கர்மவினை. ஆப்புக்குக் கையொப்பமிடும் சாவிக் கோப்பைத் தொலைத்துவிட்டு ஆப்பையே புதிய பெயரில் ஏற்றுவோர்க்கு இழப்பு இன்னும் அதிகம்: பழைய டவுன்லோடுகளும் சேர்த்து வைத்த ஸ்டார்களும் பழைய பெயரோடு நின்றுவிடும்.

இந்நாளில் ஏஐ ஒரே இரவில் மொழிபெயர்த்துத் தந்துவிடுகிறதே என்று மறுப்போரும் உளர். தருகிறது, இலக்கணப் பிழையின்றித் தருகிறது. விளங்காத வரியை அது இருவிதமாகக் கையாளும். அப்படியே பெயர்த்து வைக்கும், அல்லது தேவையற்றது என்று துடைத்துவிடும். 517501 எதற்கு என்று அதற்கும் தெரியாது, ஏனெனில் அந்தக் காரணம் கோட்டில் இல்லை; ஒருவர் மண்டையில் இருக்கிறது.

நான்காவது, துணைக் குற்றம்.

தனி மொழி எதுவும் ஆப் எழுதுவதில்லை. பணம் வாங்க, மேப் காட்ட, ரசீது அடிக்க என்று ஒவ்வொன்றுக்கும் பிறர் எழுதி வைத்த லைப்ரரிகளின் தயவு வேண்டும். புதிய மொழியில் அவை இளசாக இருக்கும், அல்லது இருக்காது. கூகுளின் டார்ட் 2021 மார்ச்சில் 2.12 பதிப்பில் 'நல்' எனப்படும் வெற்று மதிப்பால் வரும் பிழைகளைத் தடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். 2023 மே மாதம் வந்த டார்ட் 3, அந்த முறைக்கு மாறாத பழைய கோட்டை ஏற்க மறுத்தது. மாற்றி எழுத ஆளில்லாத லைப்ரரிகள் அன்றோடு தீர்ந்தன. அவற்றை நம்பிய ஆப்காரர்கள், ஊர்பேர் தெரியாத ஒருவர் விட்டுப்போன கோட்டுக்கு வாரிசு ஆனார்கள்.

பஸ்ஸுக்குள் ரசீது அடிக்கும் கையடக்க புளூடூத் பிரிண்டரை எடுத்துக்கொள்வோம். தெலுங்கும் தமிழும் அதில் சரியாக விழாது. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். அதற்கான கோட் பிரிண்டர் விற்றவர் கொடுத்த சிடியில் இருக்கும், ஜாவாவில். புதிய ஆப் டார்ட்டில் இருக்கும். நடுவே ஓர் இணைப்புக் கோட் எழுதி ஜாவாவைக் கூப்பிடுவார்கள். ஜாவாவை விட்டுவிட்டோம் என்று சொன்னவர்கள் இப்போது ஜாவாவையும் பார்க்க வேண்டும், டார்ட்டையும் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் இயல்: புறக்குற்றம்

ஐந்தாவது, ஆள் குற்றம்.

ஏர்பிஎன்பி 2016-இல் ரியாக்ட் நேட்டிவைக் கையில் எடுத்தது. ஆண்ட்ராய்டுக்கு ஒரு கோட், ஐபோனுக்கு ஒரு கோட் என்று இரண்டாக இருந்ததை ஒன்றாக்குவது ஆசை. 2018 ஜூனில் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இரண்டு ஒன்றாகவில்லை, மூன்றாயிற்று என்பது அவர்கள் பட்டியலிட்ட சங்கடங்களுள் ஒன்று. டிராப்பாக்ஸ் 2013 முதல் இரு போன்களுக்கும் பொதுவாகச் சி++ கோட் எழுதிவந்தது. 2019-இல் அதை விட்டுவிட்டு அந்தந்தப் போனின் மொழிக்கே திரும்பியது. முதலில் எழுதிய சி++ வல்லுநர்கள் போய்விட்டார்கள். மொபைலில் வேலை செய்ய விரும்பும் சி++ ஆட்கள் வேறு கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம்.

சான் பிரான்சிஸ்கோவிலேயே ஆள் கிடைக்கவில்லை என்றால் நம் பக்கத்து நிலைமை சொல்லத் தேவையில்லை. பொறியியல் படித்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954 முதல் இருக்கிறது, ஐஐடி 2015-இல் வந்தது, சுற்றிலும் தனியார் கல்லூரிகள். படித்து முடித்தவர்கள் கிழக்கு பஸ்ஸிலோ மேற்கு பஸ்ஸிலோ ஏறிவிடுகிறார்கள் என்பதே குறை. உள்ளூரில் தங்குபவர்க்குத் தெரிந்தது ஜாவாவும் பிஎச்பியும். அவர்கள் இருக்கும் வரை பழைய ஆப்பைத் தொட ஆள் உண்டு. புதுமொழிக்கு மாறிய அன்று, ஆப்பைத் தெரிந்தவருக்கு மொழி தெரியாது, மொழி தெரிந்தவருக்கு ஆப் தெரியாது.

ஆறாவது, காலக் குற்றம்.

இதற்குச் சூத்திரம்: மாறும் காலத்தில் வேலை நடக்கும், பலன் தெரியாது. சித்தூரில் டிராவல்ஸ் நடத்தும் ஒருவருக்கும் அவருடைய புரோகிராமருக்கும் நடக்கக்கூடிய உரையாடலை இங்கே தருகிறோம்.

"ஏம்ப்பா, ஆறு மாசமா என்னதான் செய்யறீங்க?"

"ஆப்பைப் புது லாங்குவேஜ்ல எழுதறோம் அண்ணா."

"முடிஞ்சா என்ன புதுசா வரும்?"

"இப்ப இருக்கறதெல்லாம் அப்படியே வரும் அண்ணா."

"அது இப்பவே இருக்குதே?"

புரோகிராமர் இதற்கு விடை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அந்த ஆறு மாதத்தில் எதிர்க்கடை ஆப்பில் வண்டி வரும் வழியை மேப்பில் காட்டத் தொடங்கியிருப்பார்கள்.

பெரிய இடத்துச் சான்றுகளும் உண்டு. நெட்ஸ்கேப் 1997-இல் நான்காம் பதிப்பை விட்டது. பிறகு உள்ளிருந்த கோட் ஆகாது என்று முழுவதையும் புதிதாக எழுதத் தொடங்கியது. ஐந்தாம் பதிப்பு வெளிவரவே இல்லை. ஆறாம் பதிப்பு வந்தது 2000 நவம்பரில். அதற்குள் உலகம் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குக் குடிபோய்விட்டது. அங்கே மொழிகூட மாறவில்லை, எழுத்து மட்டுமே புதிது. பெர்ல் மொழியின் ஆறாம் பதிப்பு 2000-இல் அறிவிக்கப்பட்டு 2015 டிசம்பரில் வெளிவந்தது. நான்கு ஆண்டு கழித்து அதற்கு ராக்கு என்று பெயரையும் மாற்றினார்கள். பைத்தான் 3 வந்தது 2008-இல். பைத்தான் 2-க்கு விடைகொடுத்தது 2020 ஜனவரி 1-இல். ஒரே மொழியின் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகவே உலகத்துக்கு ஏறக்குறைய பதினோரு ஆண்டு.

புதிய மொழி தானும் நிலையாய் நிற்காது என்பது இதன் உட்பிரிவு. ஸ்விஃப்ட் 2014-இல் வந்ததும் தாவியவர்கள் 2016-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது எழுதியதில் பெரும்பகுதியைத் திருத்தினார்கள், பெயர்களே மாறிவிட்டன. 2019 மார்ச்சில் ஐந்தாம் பதிப்பு வந்த பிறகே அதன் அடித்தளம் உறுதிப்பட்டது. அதுவரை ஒவ்வோர் ஆப்பும் ஸ்விஃப்டின் லைப்ரரியைத் தன் வயிற்றிலேயே சுமந்தது. ஐந்து ஆண்டு பொறுத்திருந்து மாறியவர் ஒருமுறை மாறினார். முதல் நாளே மாறியவர் ஆண்டுதோறும் மாறினார்.

ஏழாவது, கௌரவக் குற்றம்.

மாறிய பின் அது தவறென்று தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள இயலாமை இக்குற்றம். இதற்கு மூன்று நிலை. முதல் நிலையில் 'இன்னும் செட் ஆகல' என்பார்கள். இரண்டாம் நிலையில் 'பழைய டிசைன் சரியில்ல, அதான்' என்பார்கள். மூன்றாம் நிலையில் இன்னொரு புதிய மொழியின் பெயரைச் சொல்வார்கள்.

இக்குற்றத்தின் வேரில் பயோடேட்டா இருக்கிறது. உள்ளூர் முதலாளியின் செலவில் ரஸ்ட் கற்றவர், கற்று முடித்ததும் ரஸ்ட் தெரிந்தவரைத் தேடும் கம்பெனிக்குப் போவது இயற்கை. பயிற்சிச் சம்பளம் சித்தூரில், பலன் ஒயிட்ஃபீல்டில். போகிறவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. ஆனால் ஆப்பின் மொழியைத் தீர்மானித்தது ஆப்பின் தேவையா, அவருடைய அடுத்த இன்டர்வியூவா என்று முதலாளி அன்றே கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஏழு குற்றத்திலும் கடைசியில் அகப்படுபவர் பயனர். அவருக்கு மொழி கண்ணில் தெரியாது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் முன்பு 'கோவிந்தா' என்ற ஆப்பை வைத்திருந்தது. 2023 ஜனவரியில் வேறு பெயரில் புதிய ஆப் கொண்டுவந்தது. எந்தப் பக்தரும் உள்ளே என்ன மொழி என்று கேட்டதில்லை. முந்நூறு ரூபாய் டிக்கெட் கிடைக்குமா என்பதே கேள்வி, அன்றும் இன்றும்.

நான்காம் இயல்: புறனடை

மேற்கூறிய விதிகளுக்கு அடங்காதன சில. அவற்றையும் சொல்லாவிடில் இந்நூல் சோம்பேறிகளின் கைவாளாகிவிடும்.

டிஸ்கார்டு ஒரு சர்வர் பகுதியைக் கோ மொழியிலிருந்து ரஸ்ட்டுக்கு மாற்றியதை 2020-இல் விவரமாக எழுதியது. யார் எந்தச் செய்தி வரை படித்தார் என்று கணக்கு வைக்கும் பகுதி அது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கோ தன் நினைவகத்தைக் கூட்டிப் பெருக்குவதால் ஒரு தடுமாற்றம் வந்துகொண்டிருந்தது, மாற்றியதும் நின்றது. இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. வலி எங்கே என்று அளந்து பார்த்தார்கள். வலித்த இடத்தை மட்டும் மாற்றினார்கள்.

மைக்ரோசாஃப்ட் தன் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரைக் கோ மொழிக்குக் கொண்டுபோவதாக 2025 மார்ச்சில் அறிவித்தது. பத்து மடங்கு வேகம் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. அவர்கள் புதிதாகச் சிந்தித்து எழுதவில்லை. பழைய கோட்டின் அமைப்பைக் காத்து, அதே போக்கில் பெயர்த்தார்கள். பழைய மொழியின் அமைப்போடு ஒத்துப்போகும் மொழியைத் தேடியதால்தான் கோ தேர்வாயிற்று. மூன்றாம் குற்றமாகிய நினைவுக் குற்றத்தை அவர்கள் அஞ்சியமைக்கு இதுவே சான்று.

காட்லின் பரவியதற்கும் ஒரு காரணம், பழையதைக் கைவிடாமலே மாற முடிவதுதான். ஒரே ஆப்பில் ஒரு கோப்பு ஜாவாவிலும் பக்கத்துக் கோப்பு காட்லினிலும் இருக்கலாம், ஒன்றையொன்று கூப்பிடலாம். புதிய திரை வந்தால் காட்லினில் எழுது, பழைய திரையைப் பழுது பார்க்கும் நாள் வரும்போது மாற்று, வராவிட்டால் விட்டுவிடு. சித்தூர் கடைக்காரர் இரண்டு மொழியில் வியாபாரம் செய்வதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

குறித்த தேதியில் மொழி மாறி, குறித்த தேதியில் பிசகாமல் திரும்பும் முறை ஒன்று இந்தச் சீமையில் நடைமுறையில் இருக்கிறது. டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்ததும் திருமலையில் வைகறைச் சுப்ரபாதம் நிற்கும்; வடமொழி போய்த் தமிழ்த் திருப்பாவை வரும். ஜனவரி நடுவில் மாதம் முடிந்ததும் சுப்ரபாதம் திரும்பும். மாறும்போதே திரும்பும் நாளும் முடிவாகிவிடுகிறது, பழையதை யாரும் அழிப்பதில்லை, பாடத் தெரிந்தவர்கள் இரண்டுக்கும் இருக்கிறார்கள். சாஃப்ட்வேர்காரர்கள் ரோல்பேக் என்று சொல்லிக்கொண்டு செய்யாமல் விடும் காரியம் இதுவே.

நூற்பயன்

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் தீர்ப்பு வருமாறு. ஆசைக்கும் அச்சத்துக்கும் மொழி மாறாதே. ஆணை வந்தால் அது யோசனையா என்று ஒருமுறை கேட்டுப் பார். அவசியம் வந்தால் மாறு. ஒரு திரையை முதலில் மாற்று, பழையதையும் ஓடவிடு, ஒரே கேள்விக்கு இரண்டும் ஒரே விடை தருகின்றனவா என்று திருப்பதியின் எழுத்தையும் மார்கழியின் தேதியையும் கொடுத்துப் பார். விடை ஒத்துவரும் வரை பழையதை அழிக்காதே. புதிய மொழியின் இலக்கணத்தைப் பதினைந்து நாளில் எவரும் கற்றுக்கொள்ளலாம். பழைய கோட் பட்ட அடிகளைக் கற்றுத்தர எந்த வகுப்பும் இல்லை.

கற்றோர்க்கு இறுதியாக ஒரு விண்ணப்பம். உங்கள் ஆப்பில் காரணம் தெரியாமல் நிற்கும் வரிகளை ஒரு தாளில் குறித்து எடுங்கள். அவற்றை எழுதியவர் இன்னும் மேற்கு பஸ் ஏறாமல் இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றும் ஏன் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். எந்த மொழிக்கு மாறுவது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.